காப்பி வேறு, கட் வேறு: எக்செல்லில் ஒரு செல் இடம் மாறும்போது என்ன நடக்கிறது

எக்செல்லில் வேலை பார்க்கிற யாரிடமாவது காப்பி பேஸ்ட் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி, இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பார்கள். அதே ஆள் மாதக் கடைசியில் "நேற்று வரைக்கும் சரியாக இருந்த டோட்டல் இன்றைக்கு எப்படி இடிக்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே போய்த் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் எங்கோ ஒரு காப்பி, எங்கோ ஒரு கட், அவசரத்தில் போட்ட ஒரு பேஸ்ட்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. கடிதம் டைப் செய்கிற மென்பொருளில் கட் என்றால் காப்பி எடுத்துவிட்டுப் பழையதை அழிப்பது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தோடு எக்செல்லுக்கு வருகிறோம். இங்கே கதையே வேறு. காப்பி செய்தால், ஒட்டிய இடத்துக்கு ஏற்ப ஃபார்முலா மாறிக்கொள்ளும், ஷீட்டில் மற்ற செல்கள் எதுவும் அசையாது. கட் செய்தால், நகர்ந்த ஃபார்முலா அப்படியே இருக்கும், அதை நம்பியிருந்த மற்ற செல்கள் மாறும். கிட்டத்தட்ட நேர் எதிர். இரண்டும் ஒரே மெனுவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அண்ணன் தம்பி போலத் தெரிகின்றன.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1979இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் எழுதிய விசிகால்க்தான் தனிக் கம்ப்யூட்டரில் ஓடிய முதல் விரிதாள் மென்பொருள். அதில் ஃபார்முலாவைப் பல செல்களில் நிரப்ப ரெப்ளிகேட் என்று ஒரு கட்டளை, ஒரு முழு வரிசையையோ நெடுவரிசையையோ இடம் மாற்ற மூவ் என்று இன்னொரு கட்டளை. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருப்பதாக யாரும் நினைக்க வழியில்லை. ரெப்ளிகேட் போட்டால் ஃபார்முலாவில் இருக்கிற ஒவ்வொரு செல் முகவரிக்கும் விசிகால்க் நிறுத்தி நிறுத்திக் கேட்கும்: இது மாறாமல் இருக்கட்டுமா, இடத்துக்குத் தகுந்தபடி மாறட்டுமா? நாலு முகவரி இருந்தால் நாலு தடவை கேட்கும். எரிச்சலான வேலைதான். ஆனால் என்ன நடக்கப் போகிறது என்பது தெரியாமல் யாரும் காப்பி செய்திருக்க முடியாது.

1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 இந்தக் கேள்வி பதிலை ஒழித்தது. மாறக் கூடாத முகவரிக்கு ஃபார்முலாவிலேயே டாலர் குறி போட்டுவிட்டால் போதும். இன்று நாம் எக்செல்லில் போடுகிற அதே டாலர், அதே எஃப்4 பட்டன். லோட்டஸிலும் காப்பியும் மூவும் தனித்தனிக் கட்டளைகளாகத்தான் இருந்தன.

கட், காப்பி, பேஸ்ட் என்ற மூன்றும் வேறு வீட்டுப் பிள்ளைகள். 1970களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆராய்ச்சிக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி என்ற எழுத்துத் திருத்தியில் செய்த வேலையிலிருந்து வளர்ந்தவை. ஆப்பிளின் லிசா, அப்புறம் 1984இல் மேகிண்டாஷ் வழியாக எல்லா மென்பொருளுக்கும் பொது வழக்கமாயின. 1985இல் எக்செல் முதன்முதலில் வந்தது மேகிண்டாஷுக்குத்தான் (விண்டோஸுக்கு 1987இல்தான் வந்தது), அதனால் மேகிண்டாஷ் மெனுவையே அதுவும் போட்டுக்கொண்டது. பழைய ரெப்ளிகேட்டும் மூவும் காப்பி, கட் என்ற சட்டையை மாட்டிக்கொண்டன. பயன்படுத்த லேசானது, ஒத்துக்கொள்கிறேன். கேட்காமல் செய்துவிடுகிற பழக்கமும் அதோடு சேர்ந்து வந்தது.

சரி, காப்பியை முதலில் பார்ப்போம். பில் ஷீட் ஒன்று. பி நெடுவரிசையில் எண்ணிக்கை, சியில் விலை, டியில் தொகை. டி2 செல்லில் =பி2*சி2. அதைக் காப்பி செய்து டி3இல் ஒட்டினால் =பி3*சி3 ஆகிவிடுகிறது. பலர் இதை எக்செல்லின் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் எக்செல் எதையும் யூகிக்கவில்லை. டி2இல் இருப்பது பி2, சி2 என்ற முகவரிகளாக நம் கண்ணுக்குத் தெரிந்தாலும், காப்பியைப் பொறுத்தவரை அதன் அர்த்தம் "எனக்கு இடப்பக்கம் இரண்டு செல் தள்ளி இருப்பதையும், ஒரு செல் தள்ளி இருப்பதையும் பெருக்கு" என்பதுதான். எங்கே கொண்டுபோய் ஒட்டினாலும் வாக்கியம் அதேதான், நிற்கிற இடம்தான் வேறு.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. எக்செல் ஆப்ஷன்ஸில் ஃபார்முலா பகுதியில் ஆர்1சி1 என்று ஒரு டிக் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 1982இல் வெளியிட்ட மல்டிபிளான் என்ற விரிதாள் மென்பொருளின் மிச்சம் அது. அதைப் போட்டதும் நெடுவரிசைகளுக்கு எழுத்துக்குப் பதில் எண் வந்துவிடும், ஃபார்முலாவில் முகவரிக்குப் பதில் எத்தனை செல் தள்ளி என்ற கணக்கு வரும், அதனால் டி நெடுவரிசை முழுக்க ஒரே ஃபார்முலாவாகத் தெரியும். ஐந்நூறு வரிசை இருந்தாலும் ஐந்நூறும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் யாரோ அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்தவர் செய்த ஷீட்டைச் சரிபார்க்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரிந்து இல்லை, ஆனால் யாரும் பயன்படுத்துவதில்லை.

இப்போது அதே பில்லில் எச்1 செல்லில் 18% என்று ஜிஎஸ்டி விகிதம் இருக்கிறது. ஈ2இல் =டி2*எச்1 என்று எழுதிக் கீழே இழுக்கிறோம். முதல் வரிசை சரியாக வரும். இரண்டாவது வரிசை எச்2ஐப் பார்க்கும், மூன்றாவது எச்3ஐப் பார்க்கும். அவை காலியாக இருந்தால் வரி பூஜ்யம். பூஜ்யம் வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். எச்2இல் வேறு ஏதாவது தள்ளுபடி சதவீதம் உட்கார்ந்திருந்தால்தான் வம்பு. அப்போது பார்வைக்கு நியாயமான, முழுக்கத் தப்பான ஒரு எண் வரும். அதனால்தான் $எச்$1. ஃபார்முலாவில் கர்சரை அந்த முகவரி மேல் வைத்து எஃப்4ஐ அழுத்திக்கொண்டே போனால் நான்கு நிலைகளும் மாறி மாறி வரும்: இரண்டும் பூட்டியது, வரிசை மட்டும், நெடுவரிசை மட்டும், எதுவும் இல்லை. கட்டண அட்டவணை போலக் குறுக்கும் நெடுக்கும் ஒரே ஃபார்முலாவை நிரப்ப வேண்டிய இடத்தில் அந்த நடு இரண்டும்தான் உயிர்.

ஃபார்முலா துளியும் மாறாமல் வேறு செல்லுக்குப் போக வேண்டும் என்றால், செல்லைக் காப்பி செய்யாமல், செல்லுக்குள் போய் ஃபார்முலா எழுத்துகளை மட்டும் செலக்ட் செய்து காப்பி செய்யுங்கள். அப்போது அது வெறும் எழுத்து. டேபிளாக மாற்றிய பகுதியில் இன்னொரு விசேஷம்: நெடுவரிசைப் பெயரை வைத்து எழுதிய ஃபார்முலாவை வலப்பக்கம் இழுத்தால் பெயர் அடுத்த நெடுவரிசைக்கு நகரும், காப்பி பேஸ்ட் செய்தால் நகராது. பார்வைக்கு ஒரே வேலை, விடை வேறு.

கட்டுக்கு வருவோம். டி2ஐக் கட் செய்து ஜே2இல் ஒட்டினால் அங்கேயும் =பி2*சி2 என்றே இருக்கும். ஈ2இல் =டி2*$எச்$1 என்று இருந்தது தானாகவே =ஜே2*$எச்$1 ஆகிவிடும். ஷீட்டைப் பொறுத்தவரை அது அதே செல்தான், வீடு மாறியிருக்கிறது, தெரிந்தவர்கள் எல்லோரும் புது விலாசத்தைக் குறித்துக்கொண்டார்கள். பலரும் சறுக்குவது டாலரில்தான். எச்1ஐக் கட் செய்து கே1இல் ஒட்டினால் $எச்$1 என்று எழுதிய ஃபார்முலாக்கள் எல்லாம் $கே$1 ஆகிவிடும். "டாலர் போட்டுப் பூட்டினேனே" என்றால், அந்தப் பூட்டு காப்பிக்கு மட்டும்தான். கட்டுக்கும், நடுவில் வரிசை நுழைப்பதற்கும் அது ஒரு தடையே இல்லை. என்ன நடந்தாலும் எச்1ஐயே பார்க்க வேண்டும் என்றால் முகவரியை எழுத்தாகக் கொடுக்கிற இன்டைரக்ட் ஃபங்ஷன் இருக்கிறது. ஷீட்டை மந்தமாக்கும், ஆகவே தேவைக்கு மட்டும்.

கட் செய்ததை ஒட்டும் இடத்தில் ஏற்கெனவே ஒரு செல் இருந்து, அதை வேறு ஃபார்முலாக்கள் பார்த்துக்கொண்டிருந்தால், அவை எல்லாம் #ரெஃப்! ஆகிவிடும், அதாவது பார்க்க வேண்டிய செல்லையே காணோம் என்ற பிழை. பழைய செல்லின் மேல் புது எண்ணைக் காப்பி பேஸ்ட் செய்தால் இப்படி ஆகாது, செல் அங்கேயே இருக்கிறது, உள்ளே இருப்பது மட்டும் மாறுகிறது. கட் வந்து விழுந்தால் பழைய செல்லே போய்விட்டது என்று கணக்கு.

இதைவிட மோசம் சத்தமில்லாமல் நடப்பது. டி2 முதல் டி10 வரை கூட்டி ஒரு டோட்டல் வைத்திருக்கிறீர்கள். டி6ஐக் கட் செய்து வேறு நெடுவரிசைக்குக் கொண்டுபோனால் கூட்டலின் எல்லை மாறாது, டி6 காலி, அந்தத் தொகை டோட்டலிலிருந்து நழுவிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆனால் கடைசி செல்லான டி10ஐ எடுத்து டி15இல் வைத்தால் எல்லையே டி15 வரை நீண்டுவிடும், நடுவில் இருக்கிற ஏதேதோ எண்களும் கூட்டலில் சேரும். மவுஸால் செல்லின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் போடுவதும் கட் கணக்குத்தான். தெரியாமல் கை பட்டு ஒரு செல் ஒரு வரிசை கீழே இறங்கிப் போவது அலுவலகங்களில் அடிக்கடி நடக்கிற விஷயம்.

ஒரு வரிசை தள்ளிப் போவது சின்ன விஷயமில்லை. 2003இல் கனடாவின் டிரான்ஸ்ஆல்டா என்ற மின் நிறுவனம் நியூயார்க் மின்கடத்தல் ஒப்பந்தங்களுக்கு ஏலம் கேட்டபோது, எக்செல் ஷீட்டில் நடந்த ஒரு கட் அண்ட் பேஸ்ட் தவறில் கேட்புத் தொகைகள் தப்பான ஒப்பந்தங்களோடு ஜோடி சேர்ந்துவிட்டன. வேண்டியதைவிட அதிக ஒப்பந்தங்கள், வேண்டியதைவிட அதிக விலைக்கு. நஷ்டம் 2 கோடியே 40 லட்சம் அமெரிக்க டாலர். ஷீட்டில் ஒவ்வொரு எண்ணும் சரியான எண்தான், நின்ற இடம்தான் தப்பு. இந்த மாதிரிப் பிழையை ஃபார்முலா சரிபார்ப்பால் பிடிக்கவே முடியாது.

கட் செய்தபின் பேஸ்ட் ஸ்பெஷல், அதாவது செல்லில் வேண்டியதை மட்டும் எடுத்து ஒட்டுவது, ஏன் வேலை செய்வதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? மேலே சொன்னதிலேயே பதில் இருக்கிறது. கட் என்பது முழு செல்லும் குடிபோவது, அதில் எதை எடுக்க, எதை விட என்ற பேச்சே இல்லை. காப்பியில்தான் அந்தப் பேச்சு உண்டு. ஒரு செல்லில் மதிப்பு, அந்த மதிப்பைத் தருகிற ஃபார்முலா, எழுத்துரு, நிறம், எண் வடிவம், கண்டிஷனல் ஃபார்மட்டிங் (நிபந்தனைக்குத் தகுந்தபடி நிறம் மாற்றுகிற விதி), டேட்டா வேலிடேஷன் (செல்லில் எதை அடிக்கலாம் என்ற கட்டுப்பாடு), குறிப்பு என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. சாதாரண கண்ட்ரோல் வி எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டும். பல மாதம் இப்படி ஒட்டி ஒட்டி ஒரே கண்டிஷனல் ஃபார்மட் விதி நூறு துண்டாகச் சிதறி, ஃபைல் திறக்கவே திணறுவதைப் பார்க்கலாம்.

கண்ட்ரோல், ஆல்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டி வரும். மதிப்பு மட்டும், ஃபார்முலா மட்டும், வடிவம் மட்டும், வரிசையை நெடுவரிசையாகத் திருப்புவது எல்லாம் அதில் உண்டு. கீழே இருக்கிற கூட்டு, பெருக்கு வகையறாவை நிறையப் பேர் தொட்டதே இல்லை. எல்லா விலையையும் ஐந்து சதவீதம் ஏற்ற வேண்டுமா, ஒரு காலி செல்லில் 1.05 அடித்து, காப்பி செய்து, விலைகளைச் செலக்ட் செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் பெருக்கு என்று கொடுத்தால் முடிந்தது. எழுத்தாக வந்து மாட்டிக்கொண்ட எண்களை எண்ணாக்கவும் இதே வித்தைதான், 1.05க்குப் பதில் 1.

மதிப்பாக மட்டும் ஒட்டுவதைப் பலர் பாதுகாப்பானது என்பார்கள். பாதி உண்மை. ஃபார்முலா உடையாது, சரி, ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற தடம் அங்கேயே அறுந்துவிடுகிறது. மூல ஷீட்டில் நாளைக்குத் திருத்தம் வந்தாலும் இங்கே பழைய எண்தான் நிற்கும். 2012இல் ஜே.பி.மார்கன் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் வந்தபோது, அபாயத்தை அளக்க அவர்கள் பயன்படுத்திய கணக்கு மாடல் பல எக்செல் ஷீட்டுகளாக இருந்ததும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆட்கள் கையால் காப்பி பேஸ்ட் செய்து ஓட்டியதும் வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையிலேயே வந்தது. சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்த ஃபார்முலாவும் அதில் இருந்தது. நஷ்டம் காப்பி பேஸ்டால் மட்டும் வந்ததில்லை, வர்த்தக முடிவுகளே அதற்குக் காரணம். ஆனால் அபாயம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிய இந்த ஷீட்டுகள் உதவின. மதிப்பாக ஒட்டும்போது எந்த ஃபைல், எந்தத் தேதி என்று பக்கத்து செல்லில் ஒரு வரி எழுதி வைப்பது பெரிய வேலையில்லை.

ஃபில்டர் போட்ட ஷீட்டில் ஒட்டுவதற்கு வருகிறேன், ஏனென்றால் அழிவு அதிகம் இங்கேதான். ஃபில்டர் போட்டுக் கண்ணுக்குத் தெரிகிற வரிசைகளைக் காப்பி செய்தால் தெரிகிறவை மட்டும்தான் வரும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் வரிசைகளைக் கையால் ஹைட் செய்திருந்தால் மறைந்தவையும் சேர்ந்தே வரும். சம்பளப் பட்டியலில் சிலரை மறைத்துவிட்டு மிச்சத்தை மெயிலில் ஒட்டுகிறவர்கள் ஒட்டியபின் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது. ஆல்ட் பட்டனோடு அரைப்புள்ளியை அழுத்தினால் தெரிகிற செல்கள் மட்டும் செலக்ட் ஆகும், அதன்பின் காப்பி செய்யலாம்.

ஒட்டுவது இன்னும் வில்லங்கம். "சென்னை" என்று ஃபில்டர் போட்டதில் வரிசை 2, 7, 15 மட்டும் தெரிகிறது. வேறு இடத்திலிருந்து மூன்று எண்களைக் காப்பி செய்து முதல் வரிசையில் ஒட்டுகிறோம். எக்செல் அதை 2, 3, 4 என்று அடுத்தடுத்த வரிசைகளில் போடும், மறைந்திருக்கிற மதுரைக்காரர் கணக்கின் மேல் சென்னைக்காரர் எண் உட்காரும். திரையில் முதல் எண் மட்டும் தெரியும், மிச்சம் இரண்டும் ஒட்டவில்லையோ என்று மறுபடி ஒட்டுவார்கள். ஃபில்டரை எடுக்கும் வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு செல்லைக் காப்பி செய்து பலவற்றில் ஒட்டினால் தெரிகிறவற்றில் மட்டும் விழும், அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாம் அப்படி என்று நம்பிவிடுகிறார்கள். இந்த மாதிரி வேலைக்கு ஒட்டவே வேண்டாம். இரண்டு பட்டியலிலும் இருக்கிற ஒரு பொது எண்ணை வைத்து, தேடி எடுக்கிற லுக்அப் ஃபார்முலாவால் எடுத்து வந்தால் எந்த வரிசையில் இருந்தாலும் சரியாக வரும்.

வெளியிலிருந்து உள்ளே வரும் டேட்டாவின் கதை தனி. எக்செல்லில் காப்பி அழுத்தியதும் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது ஒட்டும் வரை தங்குகிற இடத்தில், பல வடிவங்களில் தயாராகிறது: வெறும் எழுத்தாக, வலைப்பக்க அட்டவணையாக, படமாக, இன்னும் சில. எதை எடுப்பது என்பது ஒட்டுகிற மென்பொருளின் இஷ்டம். அதனால்தான் ஒரே அட்டவணை வேர்டில் அட்டவணையாகவும், நோட்பேடில் டேப் இடைவெளிகளோடும், சில சாட் பெட்டிகளில் படமாகவும் விழுகிறது. டேப் வந்தால் அடுத்த நெடுவரிசை, வரி முடிந்தால் அடுத்த வரிசை என்பதுதான் எழுத்து வடிவத்தில் பேச்சு. பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்தால் பெரும்பாலும் டேப் இருக்காது, வெறும் இடைவெளிதான், அதனால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் குவிகிறது.

உள்ளே வரும்போது எண் போலத் தெரிகிற எதையும் எக்செல் எண்ணாக்கிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போய்விடும். 15 இலக்கத்துக்கு மேல் அதனால் வைத்துக்கொள்ள முடியாது, 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை ஒட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், திரும்ப வராது. 12 இலக்க ஆதார் எண் விநோதமாகச் சுருங்கித் தெரிந்தாலும் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். மரபணுப் பெயர்களைத் தேதியாக்கி ஆய்வுக் கட்டுரைகளைப் பாழாக்கியதும் இதே குணம்தான், கடைசியில் 2020இல் பெயர் வைக்கிற குழுவே சில மரபணுக்களின் பெயரை மாற்றிவிட்டது. அடையாள எண்கள் வரப்போகிற நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு, அப்புறம் ஒட்டும் இடத்தின் வடிவத்தோடு ஒட்டுங்கள்.

ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு ஷீட்டை நகர்த்தும்போது, அது பழைய ஃபைலின் வேறு ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஃபார்முலாவுக்குள் பழைய ஃபைலின் பெயர் ஏறிக்கொள்ளும். திறக்கும்போதெல்லாம் லிங்க்குகளைப் புதுப்பிக்கவா என்று கேட்பது அதனால்தான். சம்பந்தப்பட்ட ஷீட்டுகளைக் கண்ட்ரோல் பிடித்துச் சேர்த்து செலக்ட் செய்து ஒன்றாகக் காப்பி செய்தால் அவை தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும்.

தமிழில் பழைய டேட்டா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஷீட்டில், செல்லுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. அப்படிப்பட்ட பெயர்ப் பட்டியலை மதிப்பாக மட்டும் ஒட்டினால் எழுத்துரு பின்தங்கிவிடும், பெயரெல்லாம் கிறுக்கலாகத் தெரியும். டேட்டா கெடவில்லை, அந்த எழுத்துருவை மறுபடி போட்டால் வந்துவிடும். ஆனால் ஒரே நெடுவரிசையில் பாதி பாமினி, பாதி யூனிகோட் (தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கிற இன்றைய பொது முறை) என்று கலந்துவிட்டால் தேடலும் அகரவரிசையும் லுக்அப்பும் சேர்ந்தே குழம்பும். அதனால் நகர்த்துவதற்கு முன்பே, எழுத்துரு எது என்று தெரிகிற நிலையிலேயே, அந்த நெடுவரிசையை மட்டும் தனியாக எடுத்து யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, எண்கள் இருக்கிற நெடுவரிசைகளை எழுத்துரு மாற்றுகிற மென்பொருளில் போடாமல் விட்டுவிடுங்கள்.